ரெண்டு பக்க வெட்டு

பல்கலைக்கழகத்தின் கலைப் பீடாதிபதி குத்துவிளக்கின் கடைசித் திரியையும் கொளுத்தி முடித்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, "இன்று முதல் நீங்கள் எல்லோரும் சுதந்திரமானவர்கள்" என்று சிங்களத்தில் சொன்னபோது, மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த சரோன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்தில் மாலையோடு ஒரு பெரிய மனிதர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கோ வேலை கூடப்போகிறது என்று அர்த்தம். தோட்டத்துப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். அதுவரை அந்தக் கலைப்பீடம் ஒரு பிள்ளைக்கு ஒரு பிரதான பாடம் என்றே கொடுத்து வந்தது. வெளிநாடு போய்ப் பார்த்துவிட்டு வந்த பீடாதிபதிக்கு அது பெரிய அவமானமாகப் பட்டதாம். அங்கே பிள்ளைகள் ஒரு பாடத்தை மேஜராகவும் இன்னொன்றைத் துணைக்கு மைனராகவும் படிக்கிறார்கள். கெட்டிக்காரர்கள் இரண்டையுமே மேஜராகப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் ஒற்றைப் பாடத்தோடு ஒண்டிக்கட்டையாக நிற்பதா? ஆகவே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் மைனர் ஒன்றையோ இரண்டாவது மேஜர் ஒன்றையோ சேர்த்துக்கொள்வது பற்றித் தீர்மானிக்க வேண்டும். "இதில் எந்தக் கட்டாயமும் இல்லை," என்றார் பீடாதிபதி. "விரும்பியவர்கள் சேரலாம். விரும்பாதவர்களுக்கு, அவர்கள் விரும்பும் வரை ஆலோசனை வழங்கப்படும்."

எல்லோரும் கை தட்டினார்கள். சரோனும் தட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். டபுள் மேஜர் என்பது வேறொன்றுமில்லை, ஒரே பிள்ளையிலிருந்து இரண்டு பக்கத்தாலும் பயன் எடுப்பது. நாட்டுக்கு இரட்டை லாபம் என்றார். சொல்லிவிட்டு, டபுள் மேஜருக்குச் சம்மதித்த முதல் மாணவியை மேடைக்குக் கூப்பிட்டு, அவள் கையைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டியைக் கட்டிவிட்டார். அந்த மாணவி வேறு யாருமில்லை, சரோனோடு விடுதியில் ஒரே அறையில் இருக்கும் றமீலா. மாவனல்லையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பட்டியைத் தடவிப் பார்த்து, நல்ல துணிதான் என்று சைகையில் சரோனுக்குச் சொன்னாள்.

சரோனுக்குத் தட்டத் தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் பிறந்தது கேகாலைக்கு மேலே, அரநாயக்கப் பக்கம், ஒரு இறப்பர் தோட்டத்தின் மேல் டிவிசனில். அம்மா பிலோமினம்மா பால் வெட்டுகிறவர். இறப்பர் மரத்தில் ஒரு பக்கத்துப் பட்டையில்தான் கத்தி வைப்பார்கள். மற்றப் பக்கம் ஆறிக்கொண்டிருக்கும். எப்போதாவது தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் மை டின்னோடு வந்து, சில மரங்களைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டுவிட்டுப் போவார். அந்த மரங்களுக்கு மட்டும் ரெண்டு பக்க வெட்டு, ஓய்வே கிடையாது. பால் சிரட்டை நிரம்பி வழியும், வாளி தூக்கத் தோள் போதாது, டிவிசனே அந்த மரங்களை மெச்சும். பிறகு ஒருநாள் கீழேயிருந்து மெஷின் வாளோடு ஆட்கள் வந்து அதையெல்லாம் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடக் குழி வெட்டுவார்கள். சின்ன வயதில் ஒருமுறை வளையம் போட்ட மரத்தில் பால் ஓடுவதைப் பார்த்து சரோன் குதித்துக் கை தட்டினாள். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்து, சாகப்போற மரத்தைப் பார்த்துச் சிரிக்காதே என்றார்.

இப்போது றமீலாவின் கையைச் சுற்றி அதே சிவப்பு. பீடத்துப் புகைப்படக்காரர் விழுந்து விழுந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சரோனின் பாடம் புவியியல். அதை அவள் ஆசைப்பட்டு எடுத்தாள் என்பதைவிட, பயப்பட்டு எடுத்தாள் என்பதுதான் சரி. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கும் மலை மழைக்காலத்தில் மெல்ல இறங்குகிறது. சமையலறைச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது. மழை பலத்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தேவாலயத்தில் போய்ப் படுக்க வேண்டும். மலை ஏன் இறங்குகிறது, எங்கே வெட்டினால் இறங்கும், எங்கே விட்டுவைத்தால் நிற்கும் என்று படித்து முடித்து, பட்டத்தோடு போய்த் தோட்டத்து ஆபீஸில் நின்று பேச வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான். அந்த டிவிசனிலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் பிள்ளையும் அவள்தான். சாய்க்கப்பட்டால் எழும்பி நிற்க வேறு இடமில்லை.

ஆலோசனை அடுத்த நாளே ஆரம்பித்தது. ஆலோசகர் றிப்தி சேர், வேலை இன்னும் நிரந்தரமாகாத இளம் விரிவுரையாளர். முறைப்படி வெற்றிலைச் சுருள் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் முன்னால் உட்கார வேண்டும். மேசையில் ஏற்கெனவே வெற்றிலை மலைபோலக் குவிந்திருந்தது. சரோன் தான் புவியியலை மட்டும் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். சேர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"நான் ஆலோசகர். ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றார். "நீங்கள் குழம்பியிருக்கிறீர்களா என்று உறுதிப்படுத்துவதுதான் என் பொறுப்பு. குழம்பியிருக்கிறீர்களா?"

பயமாயிருக்கிறது என்றாள் சரோன். படிவத்தில் பயத்துக்கு இடம் ஒதுக்கவில்லை, குழப்பம் என்றே போட்டுக்கொள்வோம் என்றார் அவர். பிறகு மைனர் பாடங்களைக் காட்டினார். தலைமைத்துவ மகிழ்ச்சி என்று ஒன்று. சுற்றுலாத்துறைப் புன்னகை முகாமைத்துவம் என்று ஒன்று. இரத்தினபுரிப் பிள்ளைகளை மனதில் வைத்து, இரத்தினக்கல்லும் ஆளுமை விருத்தியும் என்று இன்னொன்று. இவற்றை யார் படிப்பிப்பார்கள் என்று சரோன் கேட்டதற்கு, அதைத் தீர்மானிக்கும் குழுவை நியமிக்கும் குழு அடுத்த மாதம் கூடும் என்றார். அவள் எழும்பிப் போகும்போது மெதுவாக, "எனக்கும் பயம்தான்," என்றார். பிறகு அடுத்த வெற்றிலைச் சுருளை வாங்கக் கையை நீட்டினார்.

சனிக்கிழமை சரோன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். கொழும்பில் ஹோட்டல் வேலை செய்யும் அப்பா லோரன்ஸ் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா மட்டும் இருந்தார். பால் வெட்டிவிட்டு வந்து கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் சரோன் எல்லாவற்றையும் சொன்னாள். மேஜரும் மைனரும் அம்மாவுக்குப் புரியவில்லை, சிவப்புப் பட்டி புரிந்தது. கழுவுகிற கை நின்றது.

"ரெண்டு பக்கமுமா? யாரு சொன்னா, ஒங்க பெரிய தொரையா?"

"ஆமாம்மா. நல்லதுக்குத்தான்னு சொல்றாரு."

"நல்லதுக்குத்தான் சொல்வாங்க. ஒரு பக்கம் வெட்டுறப்ப மத்த பக்கம் பட்ட வளரும், அதுலதான் மரம் நிக்குது. ரெண்டு பக்கமும் வெட்டச் சொன்னா, அந்த மரத்து மேல தொரைக்கு ஆச விட்டுப் போச்சுன்னு அர்த்தம். நீ எதுக்கும் தல ஆட்டாத பிள்ள."

அப்போ என்ன சொல்வது என்று சரோன் கேட்டாள். அம்மா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். வெளியே தூறல் போட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரின் வெடிப்பைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை சரோன் திரும்பி வந்தபோது புவியியல் படித்த பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் சிவப்புப் பட்டி இருந்தது. தலையாட்டாமல் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். ஆகவே அவளைப் பீடத்துச் சபையின் முன்னால் கூப்பிட்டார்கள்.

நீள மேசை. நடுவில் பீடாதிபதி. இரண்டு பக்கமும் கோட்டுப் போட்டவர்கள். பீடாதிபதி மிகவும் அன்பாக, உன்னுடைய விருப்பத்தை நாங்கள் மதிக்கிறோம், அது என்ன என்று மட்டும் இன்னும் நீ சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்றார். சரோன் இரண்டு நாளாக மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மரியாதையான பதிலெல்லாம் பறந்து போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய கேள்வி ஒன்றுதான் வாயில் மிஞ்சியது. சிங்களத்தில் கேட்டாள்:

"சேர், எப்ப சாய்க்கப் போறீங்க?"

தன்னை எப்போது சாய்க்கப் போகிறார்கள் என்றுதான் அவள் கேட்டாள். ஆனால் மேசையின் அந்தப் பக்கம் யாருடைய தேநீர்க் கோப்பையோ கவிழ்ந்தது. பீடாதிபதியின் முகம் வெளுத்துவிட்டது.

"புவியியல் பிரிவைச் சாய்க்கப் போவதாக உனக்கு யார் சொன்னது?"

சரோன் ஒன்றும் விளங்காமல் நின்றாள். அந்த மௌனத்தைப் பெரிய தைரியம் என்று எடுத்துக்கொண்ட பீடாதிபதி, தானாகவே பேச ஆரம்பித்தார். பெரிய மனிதர்களுக்கு மௌனம் ஆகாது. அதில் எதையாவது போட்டு நிரப்பியே ஆக வேண்டும்.

"பிரிவை மூடுவதென்று நாங்கள் எந்தக் கூட்டத்திலும் முடிவு செய்யவில்லை. மூடுவதற்கு வசதியாக இருக்க வேண்டும் என்று மட்டுமே முடிவு செய்தோம். ஒற்றைப் பாடமாகப் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும் வரை அந்தப் பிரிவை மூடக் கூடாது என்று ஒரு பழைய விதி. அந்த விதியை மீற நாங்கள் என்ன காட்டுமிராண்டிகளா? ஆகவே அப்படிப்பட்ட பிள்ளை இல்லாமல் போவதற்கு உங்களுக்குச் சுதந்திரம் கொடுத்தோம். மலை, ஆறு, மண் என்று படிக்கிற பாடத்துக்குச் சந்தை எங்கே இருக்கிறது? மலை எங்கேயும் ஓடிப்போகாது."

ஓடும் சேர் என்று சொல்ல சரோன் வாயெடுத்தாள். குரல் வரவில்லை. அந்தக் குரல் வராததையும் மறுப்பு என்று பதிந்துகொண்டு சபை கலைந்தது.

அன்றிலிருந்து சரோன் பீடத்தின் மிகப் பெரிய பிரச்சினை ஆனாள். அவளைக் கட்டாயப்படுத்த முடியாது, சுதந்திரம் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அவள் ஒருத்திக்காக மட்டும் தெரிவுச் சுதந்திர வாரம் கொண்டாடினார்கள். விடுதியில் அவளுடைய ஜன்னலுக்கு நேரெதிரே, இரண்டு பட்டங்களோடு சிரிக்கும் ஒரு பிள்ளையின் படத்தைப் பதாகையாகத் தூக்கிக் கட்டினார்கள். கண்டிய மேளம் அடித்தார்கள். சரோன் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு போர்வைக்குள் புகுந்துகொண்டாள். ஆனால் தலையாட்டவில்லை. தைரியமென்று நினைத்துவிடாதீர்கள், ஆட்டினால் சாய்ப்பார்கள் என்ற பயம்.

இதற்கிடையில் டபுள் மேஜர் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது. இரண்டு பிரதான பாடத்துக்கும் ஒரே நாள், ஒரே நேரம், வளாகத்து மலையின் கீழே ஒரு மண்டபம், மேலே ஒரு மண்டபம். நேர அட்டவணையை மாற்றலாமே என்று யாரோ ஒரு அப்பாவி கேட்டதற்கு, அட்டவணை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, படிகளை வேண்டுமானால் அகலப்படுத்தித் தருகிறோம் என்றார்கள். பிள்ளைகள் பாதி நேரம் கீழே எழுதிவிட்டு மேலே ஓடினார்கள். ஓடும்போது பேசுகிறார்களா என்று பார்க்க மேற்பார்வையாளர்களும் கூடவே ஓடினார்கள். ஒரு வயதான மேற்பார்வையாளர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்; அந்தப் படிக்கு மேலே ஓடியவர்கள் மேற்பார்வை இல்லாமல் ஓடினார்கள் என்று அவர்களுடைய பெறுபேறுகளை நிறுத்திவைத்தார்கள். றமீலா அறைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். கையில் சிவப்புப் பட்டி வியர்வையில் சாயம் விட்டிருந்தது. எவ்வளவு நல்ல துணி என்று அன்றைக்குச் சொன்னவள், இப்போது அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். சரோன் அவளுடைய செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மறுபக்கம் புவியியல் பிரிவில் சரோனுக்கு ராஜ உபசாரம். அவளுக்குக் கீழ் வருடங்களில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வாசலிலேயே பட்டி கட்டிவிட்டார்கள், ஆகவே இவள் ஒருத்தியைத் தொட்டுத்தான் அந்தப் பிரிவு நின்றது. விரிவுரையாளர்கள் அவளைத் தனியாகத் தெருவைக் கடக்க விடவில்லை. மழை வந்தால் குடையோடு ஓடிவந்தார்கள். கள ஆய்வுக்குப் பெரிய பஸ் ஒன்று அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு மலையேறியது. ஒருமுறை காய்ச்சல் வந்து படுத்தபோது பிரிவே திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது. இவ்வளவு அக்கறையைச் சரோன் வாழ்க்கையில் கண்டதில்லை. அதுவும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் பயம் கடைசி வருடம் உருக்கொண்டு வந்தது. இறுதிப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பிரிவுத் தலைவி ஸாஹிரா மெடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மண்சரிவைப் பற்றிச் சரோனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சத்தம் போட்டுப் பேசாத மனுஷி. சுற்றி வளைத்து, உடம்பு எப்படி, அம்மா எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"மகள், நீங்க பாஸ் பண்ணிப் போயிட்டா இங்க யாருமில்ல. அடுத்த நாளே மூடிடுவாங்க. ஒரு பாடம், ஒரேயொரு பாடம் மட்டும் இந்த முறை விட்டுட்டா... நாங்க எல்லாரும் இன்னும் கொஞ்ச காலம் நிப்போம்."

சொல்லும்போதே அவருக்கு வெட்கத்தில் கண் கலங்கியது. சரோன் கோப்பையைக் கீழே வைத்தாள். வெட்டினால் சாய்ப்பார்கள் என்று பயந்து இத்தனை நாள் ஓடியவளுக்கு, சாய்க்காமலே வைத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. இவரை மறுத்துப் பேசுவதா? மறுக்காமல் எப்படி வீட்டுக்குப் போவது?

"மெடம், நா இங்கயே நின்னுட்டா... எங்க லயத்துக்கு மேல உள்ள மண்ணு நிக்குமா?"

மெடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும், அவருடைய பாடமே அதுதான். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் இத உங்ககிட்ட கேட்டிருக்கக் கூடாது. போங்க மகள். போய்ப் படிங்க," என்றார்.

சரோன் படித்தாள். நல்லபடியாகப் பாஸ் பண்ணினாள். மெடம்தான் அதிகப் புள்ளி போட்டிருந்தார்.

பட்டமளிப்புக்கு பிலோமினம்மா மெல்லிய நீலச் சேலை உடுத்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பீடாதிபதி அன்றைக்கு மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். புவியியல் பிரிவு மூடப்பட்டதாக யாரும் தவறாக நினைக்கக் கூடாது, அது விடுதலை செய்யப்பட்டிருக்கிறது என்றார். அதன் விரிவுரையாளர்கள் யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. இனி அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பிரிவுகளில் படிப்பிப்பார்கள். டபுள் விரிவுரையாளர்கள், இலங்கையில் முதல் முறை. "இத்தனை காலம் இவர்களிடமிருந்து ஒரு பக்கத்தால் மட்டும் பயன் எடுத்துவிட்டோமே என்று வருந்துகிறேன்," என்று சொல்லி, அவர்களை மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கையைச் சுற்றியும் பட்டி கட்டினார். மாணவர்களுடையதைவிட அகலமான பட்டி. அதே சிவப்பு.

பட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கின சரோன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிலோமினம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவுக்குமா பிள்ள?"

சரோன் பட்டத்தை அம்மாவின் மடியில் போட்டுவிட்டுத் திரும்பி மேடைக்கு ஓடினாள். ஸாஹிரா மெடம் அவளைக் கண்டதும் கையைத் திருப்பிக் காட்டினார். சிரிப்புக் களைத்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து காலையில் புன்னகை முகாமைத்துவம், பின்னேரம் தலைமைத்துவ மகிழ்ச்சி, என்ன செய்வது மகள் என்றார்.

"கழட்டிருங்க மெடம்."

"கௌரவத்துக்குக் கட்டினது மகள். எல்லாரும் பாக்குறாங்க."

சரோன் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து முடிச்சைத் தேடினாள். பீடாதிபதி இறுக்கிக் கட்டியிருந்தார். முடிச்சு பிடிபடவே இல்லை, கண்ணீர் வேறு மறைத்தது. பீடாதிபதி அந்தப் பக்கமாகத் திரும்பியவர், ஒரு தோட்டத்து மாணவி தன் ஆசிரியைக்குத் தன் கையாலேயே பட்டி கட்டிவிடுவதைக் கண்டு நெகிழ்ந்துபோய், புகைப்படக்காரரை அவசரமாகக் கூப்பிட்டார். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பீடத்தின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். புதுப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் வரிசையில் நிற்கிறார்கள்.